மழைக்காலத்தில் படித்த நாலு புத்தகமும் செம்மீன் முடிவில் எனக்குள்ள கோபமும்

குழித்துறைக்காரன்:
இடவப்பாதி மழை பிடித்தால் ரப்பர் வெட்டு நின்றுவிடும், ஷீட்டு வரத்தும் குறையும். கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவதற்குப் பதிலாக இந்தத் தடவை நாலு புத்தகம் படித்து முடித்தேன். மனசில் பட்டதை எழுதுகிறேன், திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

முதலாவது ராஜேஷ்குமாரின் ஒரு பாக்கெட் நாவல். 1,500-க்கு மேல் எழுதிய மனிதர், கை தேர்ந்த கை. குழித்துறையில் ரயில் ஏறினேன், நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் கொலைகாரன் பிடிபட்டுவிட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மறுநாள் யார் யாரைக் கொன்றார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அடுத்தது ‘திருடன் மணியன்பிள்ளை’, ஒரு நிஜத் திருடனின் வாழ்க்கைக் கதை. இந்துகோபன் மலையாளத்தில் எழுதியது, தமிழில் குளச்சல் மு. யூசுப். 2018-ல் மொழிபெயர்ப்புக்கு சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. நாலில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். மைசூரில் பெரிய மனிதராக வாழ்ந்த பகுதியைப் படித்தபோது, பிடிபட்டுவிடக் கூடாதே என்று திருடனுக்காக நான் பயந்துகொண்டிருந்தேன். கடையில் மதியம் இரண்டு தடவை தராசில் எடையைத் தப்பாகப் போட்டேன்.

மூன்றாவது தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’. 1997-ல் அகாதெமி விருது. தேங்காப்பட்டணம் எனக்குப் பக்கத்து ஊர்தான், அப்படியிருந்தும் முதல் நாற்பது பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. அப்புறம் பிடி கிடைத்தது. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழும்பாமல் பழைய வீட்டுச் சாமான்களை விற்றுத் தின்னும் அந்த முஸ்தபாக்கண்ணு மாதிரி ஒருவர் எங்கள் குடும்பத்திலும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, தகழி மலையாளத்தில் எழுதிய ‘செம்மீன்’, சுந்தர ராமசாமியின் தமிழில். இதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. கரையில் இருக்கும் பெண் ஒழுக்கமாக இருந்தால்தான் கடலுக்குப் போனவன் திரும்புவான், இல்லாவிட்டால் கடலம்மை கொண்டுபோய்விடுவாள் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. சரி, நம்பட்டும். ஆனால் கதை என்ன செய்கிறது? மீனவன் மகள் கறுத்தம்மா ராத்திரி தன் பழைய காதலன், மீன் வியாபாரி பரீக்குட்டியைப் பார்க்கப் போகிறாள், அதே ராத்திரி அவள் புருஷன் பழனி கடலில் சாகிறான். அப்படியானால் நம்பிக்கை உண்மை என்று நாவலாசிரியரே முத்திரை குத்திக் கொடுத்தமாதிரி ஆகவில்லையா? முந்நூறு பக்கம் அந்தப் பெண்ணுக்காக நம்மை அழவைத்துவிட்டு, கடைசியில் ஊர்க்காரன் பக்கம் சாய்வது மோசடி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சாலைக்கடை:
மக்கா, வீட்டில் பாதி மலையாளம் பேசுவாய், மீன் வாங்கும்போது முழு மலையாளம் பேசுவாய், செம்மீனை மட்டும் தமிழில்தான் படிப்பாயா? கடப்புறத்துப் பேச்சு மூலத்தில் எப்படி இருக்கிறது தெரியுமா? அந்த உப்பு தமிழில் இறங்காது. ‘கொச்சு முதலாளி’ என்று கறுத்தம்மா பரீக்குட்டியைக் கூப்பிடும் கூப்பாட்டில் இருக்கிற கொஞ்சலுக்கும் பயத்துக்கும் தமிழில் எந்த வார்த்தை போட முடியும்? மூலத்தைப் படிக்காமல் மோசடி என்று தீர்ப்புச் சொல்வது, சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று மணம் பிடித்துவிட்டு உப்பு அதிகம் என்று சொல்வதுபோல.

பாக்கெட் நாவலை அவ்வளவு எளிதாகத் தள்ளியதும் சரியில்லை. இங்கே திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடைப் பையன்கள் பலபேருக்குத் தமிழ் எழுத்து நிலைத்ததே அதனால்தான்.

குழித்துறைக்காரன்:
பேசத் தெரியும், எழுத்து வாசிக்கத் தெரியாது அண்ணே. எங்கள் தாத்தா திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர். 1956 நவம்பர் 1-ம் தேதி நம் கன்னியாகுமரி நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததோடு என் தலைமுறையில் அந்த எழுத்து போய்விட்டது. தோப்பில் மலையாள வழியில் படித்துத் தமிழை மலையாள எழுத்தில் எழுதினார், நான் மலையாளக் கதையைத் தமிழ் எழுத்தில் படிக்கிறேன், இதில் என்ன கேவலம்? அதோடு, மொழிபெயர்ப்பில் உப்பு குறையலாம், பழனி சாகிற நேரம் மாறிவிடுமா? மூலத்திலும் அதே ராத்திரிதானே?

கடப்புறத்தாள்:
குழித்துறை அண்ணன் சொல்வதில் பாதிக்கு நான் கூடவே நிற்கிறேன். மீதிப் பாதி உங்கள் யார் கண்ணிலும் படவில்லை என்பதால் எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை என்று எங்கள் கரையில் எத்தனை வீட்டு ஆண்கள் திரும்பவில்லை என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்குக் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முகத்துக்கு நேரே இந்தக் கடலம்மை கதையைச் சொல்ல யாருக்காவது தைரியம் வருமா? தகழி மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர் இல்லை, அம்பலப்புழையில் வக்கீலாக இருந்தவர். கரையைப் பார்த்தார், நன்றாகத்தான் பார்த்தார், ஆனால் கரையில் நின்று பார்த்தார்.

அதைவிட எனக்கு எரிச்சல் தந்தது கடன் விவகாரம். வள்ளமும் வலையும் வாங்கக் கறுத்தம்மாவின் அப்பன் செம்பன்குஞ்ஞு பரீக்குட்டியிடம் வாங்குகிறான், திருப்பிக் கொடுக்க மனசில்லை, வியாபாரி பாவம் நொந்து கரையில் பாடிக்கொண்டு திரிகிறான். எங்கள் ஊரில் நான் பார்த்தது நேர்த் தலைகீழ். வியாபாரி முன்பணம் தருவார், அந்தப் பணம் தீரும்வரை மீன் வேறு ஆளுக்குப் போகக் கூடாது, விலையும் அவர் சொல்வதுதான். தீரவே தீராது. என் அப்பாவின் முன்பணம் எனக்குத் தெரிந்து பதினோரு வருஷம் ஓடியது. அம்மா மீன் சருவத்தைத் தலையில் சுமந்து வீடு வீடாக விற்ற காசும் அதிலேதான் போனது. செம்மீனில் ஏமாற்றுகிறவன் மீனவன், ஏமாறுகிறவன் வியாபாரி. உலகம் முழுக்க அதைக் காதல் கதை என்று கொண்டாடுகிறது.

இரணியல் வாத்தியார்:
மகளே, நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் நாவலுக்காக இரண்டு வார்த்தை சொல்கிறேன். முப்பது வருஷம் தமிழ் நடத்தினேன், வகுப்பில் வாதாடின பழக்கம் போகவில்லை.

கடன் பற்றி. நீ சொல்லும் ஆளும் அந்த நாவலிலேயே இருக்கிறார், வட்டிக்குக் கொடுக்கிற ஔசேப்பு. செம்பன்குஞ்ஞுவின் வள்ளங்கள் கடைசியில் யார் கைக்குப் போகின்றன என்று திருப்பிப் பார். பரீக்குட்டி விதிவிலக்கு, வியாபாரத்துக்கு லாயக்கில்லாத வியாபாரி. அதனால்தான் நொடித்துப் போகிறான். கறுத்தம்மா அப்பனிடம் திரும்பத் திரும்பக் கேட்பது என்ன? அந்தக் கடனை அடையுங்கள் என்றுதான். அவளுக்குக் காதலைவிடக் கடன்தான் பாரம். இதைக் காதல் கதை என்று ஊர் பேசினால் அதற்கு 1965-ல் வந்த படத்தைக் கேட்க வேண்டும், தகழியை இல்லை.

இனி குழித்துறைத் தம்பியின் மோசடிக் குற்றச்சாட்டு. தம்பி, பழனி ஏன் அன்று தனியாகக் கடலுக்குப் போனான்? கூட்டாளிகள் அவனை வள்ளத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஏன் ஏற்றவில்லை? பெண்டாட்டியைப் பற்றி ஊர் பேசிய பேச்சு. வள்ளத்தில் பத்துப் பேரோடு போகிறவனைச் சுறா இழுத்தால் மற்றவர்கள் பிடிப்பார்கள். ஒற்றையாகத் தூண்டிலோடு சின்ன வள்ளத்தில் போகிறவனை யார் பிடிப்பது? அவள் ராத்திரி வெளியே இறங்குவதற்கு எவ்வளவோ முன்னாலேயே அவன் சாவுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. கடலம்மை கொல்லவில்லை, கரை கொன்றது. ஒரே ராத்திரியில் நடந்ததைப் பார்த்து நீ காரணம் தேடுகிறாய், அதையேதான் நாவலில் ஊர்க்காரர்களும் செய்கிறார்கள்.

சாலைக்கடை:
வாத்தியார் சார் சொன்னது வக்கீல் வாதம், ஆனால் நல்ல வக்கீல்.

குழித்துறைக்காரன்:
சார், தனியாகப் போனதற்கான காரணத்தை நான் படிக்கும்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உண்மைதான். மழை இருட்டில், கரண்ட் இல்லாமல், மொபைல் வெளிச்சத்தில் படித்த பக்கங்கள் அவை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் சொன்ன காரணம் போதுமானது என்றால், அதே ராத்திரி பரீக்குட்டியை ஏன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்? ஒரு வாரம் கழித்து வந்திருக்கலாமே. இரண்டையும் ஒன்றாக வைத்தால் வாசிக்கிறவன் எதைப் பிடித்துக்கொள்வான் என்று எழுதியவருக்குத் தெரியாதா?

இரணியல் வாத்தியார்:
தெரியும். தெரிந்துதான் வைத்தார் என்று நினைக்கிறேன். இதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.

கடப்புறத்தாள்:
சார், ஔசேப்பு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், மறந்தே போனேன். கரை கொன்றது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், எங்கள் கரையின் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆனால் அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. படித்தவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் “பாவம், அவள் தப்புப் பண்ணினாள், அவன் செத்தான்” என்றுதான் புத்தகத்தை மூடுவார்கள். என் கல்லூரித் தோழிகள் அப்படித்தான் சொன்னார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் ஊர்தான். அந்த ஒன்பது பேரும் தப்பாகப் படித்தார்கள் என்று எழுதியவரை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

சாலைக்கடை:
இதே தகழி எழுதி, இதே சுந்தர ராமசாமி தமிழாக்கிய ‘தோட்டியின் மகன்’ படித்திருக்கிறீர்களா? ஆலப்புழையில் மலம் அள்ளுகிறவர்களின் மூன்று தலைமுறை. அதில் கடலம்மையும் இல்லை, நிலவும் இல்லை, பாட்டும் இல்லை. தகழியைத் திட்டுவதென்றாலும் அதைப் படித்துவிட்டுத் திட்டுங்கள். மக்கா, உனக்காகத் தமிழில் வந்ததைத்தான் சொல்கிறேன், எழுத்துப் பிரச்சினை இல்லை.

குழித்துறைக்காரன்:
செம்மீனின் கடைசி அறுபது பக்கத்தை மறுபடி படிக்கலாம் என்று இப்போது தேடினேன். புத்தகத்தை மதினி எடுத்துப்போய் மார்த்தாண்டத்தில் அவள் அக்காள் வீட்டில் வைத்திருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். தோட்டியின் மகன் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், குழித்துறை ஸ்டேஷனில் வந்து வாங்கிக்கொள்கிறேன், மணியன்பிள்ளையைப் பதிலுக்குத் தருகிறேன்.

கடப்புறத்தாள்:
என்னிடம் இருக்கிறது அண்ணே. சனிக்கிழமை காலை பாசஞ்சரில் வருவேன், ஒரு நிமிஷம்தான் நிற்கும், பிளாட்பாரத்தில் தயாராக நில்லுங்கள். மணியன்பிள்ளையைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும்.