பை எறியும் லீக்: தெரு வாரியாக அணி வேண்டாம், குலுக்கலே இருக்கட்டும்

சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

துபாய்த் தம்பி போட்ட மடலையும், அதற்கு நியூஜெர்சியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த "அருமையான யோசனை" பதில்களையும் படித்தேன். மார்கழி சீசனுக்கு மேலத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெரு, காலனி என்று அணி பிரித்து, ஆளுக்கொரு கலரில் ஜெர்சி அடித்து, ஸ்பான்சர் பிடித்துப் பெரிய கோப்பை வைக்கலாம் என்கிறார். பணம் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். ஆனாலும் சென்னையில் கார்ன்ஹோல் என்கிற இந்தப் பை எறியும் ஆட்டத்தின் லீக்கை இழுத்துக்கொண்டு அலைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தெரு வாரியாக அணி வேண்டாம், இப்போது போலச் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பதே இருக்கட்டும்.

நம்மூரில் தெருப் பெயர் எதைக் குறிக்கிறது என்று இந்தக் குழுவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொங்கல் கபடிப் போட்டி ஏன் நின்றது என்பதும் ஊரறிந்த சங்கதி. முப்பது வருஷம் முன்னால் ஊரை விட்டு வந்து, போரூரிலும் ஆவடியிலும் யார் எந்தத் தெரு என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தப் பிரிவினையை ஜெர்சியில் அச்சடித்துக் கொடுப்பானேன்?

ஆட்டத்தை இன்னும் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் சாய்வான பலகை. பின்பக்கம் ஓரடி உயரம், முன்பக்கம் மூன்று அங்குலம் போல. மேல் விளிம்பிலிருந்து ஒன்பது அங்குலம் தள்ளி மையம் வருகிற மாதிரி, ஆறு அங்குல விட்டத்தில் ஒரு வட்ட ஓட்டை. இப்படி இரண்டு பலகையை 27 அடி இடைவெளியில் எதிரெதிராக வைத்து, ஆறு அங்குலச் சதுரப் பையை எறிய வேண்டும். ஓட்டையில் விழுந்தால் மூன்று, பலகையில் நின்றால் ஒன்று. முதலில் 21 எடுப்பவர் ஜெயித்தார். அமெரிக்காவில் 1883லேயே சதுர ஓட்டை போட்ட ஒரு பலகைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். சின்சினாட்டிப் பக்கம் வீட்டுப் பின்புறத்தில் ஆடிக்கொண்டிருந்தது, 2015இல் அமெரிக்கன் கார்ன்ஹோல் லீக் தொடங்கிய பிறகு டிவியில் காட்டுகிற அளவுக்குப் போய்விட்டது. அந்த ஊரிலிருந்து லீவில் வந்த நம் மாப்பிள்ளைதான் இதை நமக்குக் காட்டிக் கொடுத்தவர்.

இரட்டையர் ஆட்டத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. நான் குலுக்கலை விடமாட்டேன் என்று நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். உங்கள் ஜோடி உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார். 27 அடிக்கு அப்பால், எதிர்ப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பார். உங்கள் தோளோடு தோள் நிற்பது எதிராளி. மாறி மாறி ஆளுக்கு நாலு பை எறிகிறீர்கள், பிறகு அந்தப் பக்கத்து இருவர் எறிந்து முடிக்கும்வரை நீங்கள் இருவரும் சும்மா நிற்கிறீர்கள். இருபது நிமிஷம் ஒரு மனுஷர் பக்கத்தில் நின்றுவிட்டுப் பேசாமல் வர நம்மூர்க்காரரால் முடியுமா?

ஆடி சீசனில் ஒரு ஆட்டம். கீழத்தெருப் பெரியம்மா ஒருவர், ஆவடியில் மகன் வீட்டில் இருப்பவர். பிளாட்டை விட்டு இறங்குவதே அபூர்வம். பக்கத்தில் எதிராளியாக மேலத்தெருவைச் சேர்ந்த ரிட்டயர்டு பேங்க் அதிகாரி. பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முறத்தில் தவிடு தட்டுகிற வாகில் கையைத் தாழ்த்தி ஒரு பையை விட்டார். அது சறுக்கிப் போய் ஓட்டைக்கு நேர் முன்னால், வாசலை மறித்துப் படுத்துக்கொண்டது. இனி அந்த பேங்க் அண்ணாச்சியின் பை உள்ளே போக வேண்டுமானால் இதைத் தாண்டிப் பறந்து விழ வேண்டும், இல்லை இதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அண்ணாச்சி பலமாக எறிந்தார். பெரியம்மா பை ஓட்டைக்குள், அவர் பை பெரியம்மா பை இருந்த இடத்தில். யார் தள்ளிவிட்டாலும் பைக்குச் சொந்தக்காரருக்குத்தான் மூன்று. "நீங்களே கொண்டுபோய்ப் போட்டுட்டீங்களே அண்ணாச்சி" என்று பெரியம்மா சொன்னதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் கண்மாய்க்கரைப் புளியமரம் யார் காலத்தில் வெட்டப்பட்டது என்று ஆரம்பித்து, விசில் ஊதியும் நகரவில்லை. ஊரில் இருந்த காலத்தில் இந்த இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்க வழியே இல்லை.

எண்ணிக்கைத் தகராறு பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு சுற்றில் இரு தரப்பும் எடுத்த புள்ளியைக் கழித்து, மிச்சம்தான் கணக்கு. சிவப்புக்கு ஓட்டையில் ஒன்று, பலகையில் இரண்டு என்றால் ஐந்து. நீலத்துக்குப் பலகையில் மூன்று என்றால் மூன்று. சிவப்புக்கு இரண்டு மட்டும் ஏறும், நீலத்துக்கு ஒன்றும் இல்லை. தரையில் பட்டு எகிறிப் பலகையில் விழுந்த பை செல்லாது, உடனே எடுத்துவிட வேண்டும். பலகை ஓரத்தில் தொங்கும் பையின் நுனி தரையைத் தொட்டால் செல்லாது, தொடாமல் தொங்கினால் ஒன்று. மற்ற பைகளில், எட்டையும் எறிந்து, இருவரும் எண்ணி, வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் சண்டை முக்கால்வாசி அடங்கிவிடும். சில வீடுகளில் 21ஐத் தாண்டினால் திரும்ப 15க்கு இறக்கிவிடும் வழக்கம் உண்டு. அதை இங்கே வைத்துக்கொள்ளவில்லை, விடிய விடிய ஆட வேண்டியிருக்கும்.

குலுக்கல் எப்படி நடக்கிறது என்றால், இரண்டு எவர்சில்வர் தூக்கு. ஒன்றில் கை தேர்ந்தவர்கள் பெயர், இன்னொன்றில் புதியவர்கள் பெயர். உத்திரமேரூர்க் கல்வெட்டில் சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொன்ன அதே ஏற்பாடுதான், வந்திருக்கிற பொடிசுகளில் ஒன்று சீட்டு எடுக்கும். தூக்குக்கு ஒரு சீட்டு, இரண்டும் சேர்ந்தால் ஜோடி. புருஷன் பெண்டாட்டி ஒரே ஜோடியாக வந்தால் மட்டும் திரும்ப எடுப்போம். அது குடும்ப நலனை முன்னிட்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஜோடி புதிது, புள்ளி மட்டும் தனித்தனி ஆளுக்குச் சேர்ந்துகொண்டே வரும். வெற்றிக்கு இரண்டு புள்ளி. சமமாக வந்தால் ஆட்டங்களில் எடுத்த புள்ளி வித்தியாசத்தைப் பார்ப்போம், ஆனால் ஒரு ஆட்டத்தில் பத்துக்கு மேல் வித்தியாசம் எழுதமாட்டோம். புதிதாக வந்தவரை 21-0 என்று நசுக்கி யாருக்கும் லாபம் இருக்கக் கூடாது. கடைசி ஞாயிறு நாக்-அவுட். முதல் இடத்தில் இருப்பவருக்குக் கடைசி இடத்தில் இருப்பவர் ஜோடி, இரண்டாமவருக்குக் கடைசிக்கு முந்தியவர். அதனால் சீசன் முழுக்கத் தோற்றவரையும் கடைசி வாரம் நாலு பேர் போன் போட்டு "வந்துடுங்க" என்று கூப்பிடுகிறார்கள்.

இடம்தான் சென்னையில் பெரிய பாடு. பலகை இரண்டும் சேர்த்து 35 அடி, பின்னால் நிற்க இடம் விட்டால் 45 அடி வேண்டும். பீச் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மணலில் பலகை நிலை நிற்காது, சாயங்காலக் கடற்காற்றில் பை ஒரு பக்கமாக ஒதுங்கும். அபார்ட்மெண்ட் கார் நிறுத்துமிடத்தில் தலைக்கு மேல் உத்திரம் தாழ்வு, தூக்கி எறிகிறவர்களுக்கு இடிக்கும். கடைசியில் கைகொடுத்தது கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாதே, சாப்பாட்டுக் கூடம் பூட்டித்தான் கிடக்கும். ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கும் தாம்பரம், மேடவாக்கக்காரர்களுக்கும் நடுவாக இருக்கட்டும் என்று போரூர்ப் பக்கம் ஒன்றைப் பிடித்தோம். கரண்டுக்கும் பெருக்குகிற அம்மாவுக்கும் கொடுத்தால் போதும் என்றார் மேனேஜர். மழை பெய்தாலும் கவலையில்லை, பாட்டிகளுக்கு உட்கார நாற்காலி உண்டு, டீ போட அடுப்பும் உண்டு. எங்கள் சீசன் வருஷத்துக்கு இரண்டு என்று அமைந்ததே இதனால்தான், வேறு தத்துவம் ஒன்றுமில்லை.

பலகைக்கு எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்று வாங்கினால் சரியாக நாலு பலகை, அதாவது இரண்டு களம். சேதாரமே இல்லை. நாங்கள் இரண்டு ஷீட் எடுத்து நாலு களம் செய்தோம். ஒரு விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். சாதாரண எம்.ஆர். கிரேடு பலகை சென்னை ஈரத்தில் நடுவில் தொப்பை போட்டுவிடும், பை பாதியில் திசை மாறும். ஐ.எஸ்.710 முத்திரை உள்ள தண்ணீர் தாங்குகிற பலகையாக, 12 எம்.எம்.மில் எடுங்கள். ஓட்டையின் விளிம்பை உப்புத்தாள் போட்டு மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி கிழியும். வார்னிஷ் இரண்டு பூச்சு. ஐப்பசி மாதிரி ஈரமான நாளில் பை பலகையில் ஒட்டிக்கொள்ளும், அன்றைக்கு கேரம் பவுடர் ஒரு சிட்டிகை.

கேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. "கேரம் ஊரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ஆட்டம் எதற்கு?" என்று ஒரு சித்தப்பா கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனவர், வடசென்னைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். ஆனால் கேரத்தில் தெரிந்தவர் தெரியாதவரை எழுந்திருக்கவே விடமாட்டார். மொத்தக் காயையும் ஒரே ஆள் போட்டு முடித்துவிடுவார். இதில் எப்பேர்ப்பட்ட ஆளானாலும் உங்கள் நாலு பையை நீங்கள்தான் எறிவீர்கள்.

பைக்குள் என்ன போடுவது என்பதில்தான் பாசம் குறுக்கே வந்தது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் பூராவும் மக்காச்சோளம், ஆட்டத்தின் பெயரிலேயே சோளம், அப்புறம் நம்மூர்ச் சோளத்தைத்தான் போட வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரல். ஒரு பை 450 கிராம், களத்துக்கு எட்டுப் பை, 32 பைக்குப் பதினான்கரைக் கிலோ. ஊரிலிருந்து ஆம்னி பஸ்ஸில் மூட்டை வந்தது. 2018இல் படைப்புழு மொத்த வெள்ளாமையையும் தின்ற கதையை எல்லாம் பேசிக்கொண்டு அத்தைமார் உட்கார்ந்து தைத்தார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எறிய எறிய மணி உடைந்து மாவு துணி வழியே கொட்டியது. ஸ்டோர் ரூமில் வைத்ததில் வண்டு விழுந்தது, வண்டு விட்டதை எலி பார்த்துக்கொண்டது. போட்டிப் பைகளில் இப்போது பிளாஸ்டிக் குருணைதான், அமெரிக்காவிலும் லீக் ஆட்டத்துக்கு அதுதான். சோளப் பை சின்னப் பிள்ளைகள் 21 அடியில் பழகுவதற்கு. பாசம் வேறு, பை வேறு.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மற்ற ஊர்களில் தொடங்குகிறவர்களுக்கு உதவும். 32 பேர், 16 ஜோடி. ஜோடிக்கு மூன்று ஆட்டம் என்றால் மொத்தம் 24. நாலு களத்தில் ஆறு வரிசையாக ஓடும். ஆட்டத்துக்கு இருபது நிமிஷம், மாறுவதற்கு ஐந்து, ஆக இரண்டரை மணி நேரம். நாலு மணிக்குத் தொடங்கினால் ஆறரைக்கு முடித்து, பஜ்ஜி சாப்பிட்டு, எட்டு மணிக்குள் வீடு. இருபதாவது நிமிஷம் விசில் ஊதினால் அந்தச் சுற்றை எறிந்து முடித்து, புள்ளியில் யார் முந்தி நிற்கிறாரோ அவருக்கு வெற்றி. இதைத் தளர்த்தினால் லீக் செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஆபீஸ் உள்ளவர்கள் ஒன்பது மணி வரை காத்திருந்தால் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

சிங்கப்பூர்க்காரர்கள் பிளாக்குக்குக் கீழே இருக்கும் திறந்த தளத்தில் ஆடுவதாக இருந்தால் டவுன் கவுன்சில் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். துபாய்க்காரர்களுக்குக் கோடையில் உள்ளரங்கம்தான் வழி. எங்கே ஆடினாலும் ஜோடியைக் குலுக்கிப் போடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

ஜெர்சிக்கு ஒதுக்கிய பணத்தை என்ன செய்வது என்று தம்பி கேட்பார். ஜெர்சி வேண்டாம் தம்பி, பைதான் சீக்கிரம் தேய்கிறது. மார்கழியில் ஊருக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு செட் கொண்டுவந்தால் போதும். எட்டுப் பை சுமார் 3.6 கிலோ, பெட்டியில் அடங்கிவிடும். கனமென்று தோன்றினால் வெறும் துணிப் பையாகக் கொண்டுவாருங்கள், குருணை இங்கே போட்டுத் தைத்துக்கொள்கிறோம். மிச்சப் பணத்தில் மண்டபத்து மேனேஜரிடம் சொல்லிக் கூடத்துக்கு இரண்டு பெரிய மின்விசிறி போட்டால், அடுத்த ஆடியில் வியர்வையில் கை வழுக்காது.

மார்கழி முதல் ஞாயிறு தொடங்குகிறோம். குலுக்கலில் சேர விரும்புகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் கொடுங்கள், லீவில் வருகிறவர்கள் ஒரு வாரம் மட்டும் ஆடினாலும் சரி. நாலு மணிக்கு மேல் வந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, கரும்பலகையில் ஸ்கோர் எழுதும் வேலை உண்டு.