செலினியம், சீப்பியா, கோல்டு: கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் டோனிங்கில் கண்டதும் கற்றதும்

பிரிண்ட்டை ரசாயனக் கரைசலில் போட்டு அதன் நிறத்தை மாற்றி, ஆயுளைக் கூட்டுவதுதான் டோனிங். செலினியம் டோனரில் போட்ட ஃபைபர் (பிளாஸ்டிக் பூச்சில்லாத பேப்பர்) பிரிண்ட்டின் வெள்ளைப் பகுதியில் மஞ்சள் திட்டு விழுகிறது, டோனர் பழசாகிவிட்டதா என்று புதிதாக இருட்டறை அமைப்பவர்கள் எல்லோருமே கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பயன்படும். மற்றவர்களும் தாங்கள் பார்த்ததைச் சேர்க்கவும்.

டோனர் காரணமாக இருப்பது அபூர்வம். கோளாறு, டெவலப் ஆகாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஃபிக்ஸரில் இருக்கிறது. ஃபிக்ஸர் வலுவிழந்துவிட்டால் பேப்பருக்குள் கரையாத வெள்ளி உப்பு தங்கிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கில் கழுவினாலும் போகாது. செலினியம் பட்டதும் அந்த உப்பு சில்வர் செலினைடாக மாறி மஞ்சளாக வெளியே தெரியும். புது டோனர் வாங்கினாலும் அதே திட்டுதான் வரும்.

இரண்டாவது காரணம் அமிலம். ஸ்டாப் பாத் (டெவலப் ஆவதை நிறுத்தும் அமிலக் கரைசல்), அமில ஃபிக்ஸர் இரண்டிலிருந்தும் பேப்பர் உறிஞ்சிய அமிலம் டோனருக்குள் வந்தால் அங்கேயே செலினியம் பிரிந்து கறை போடும். அதனால் ஃபிக்ஸரிலிருந்து நேராக டோனருக்குள் போடாதீர்கள். நன்றாகக் கழுவி, லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட் கரைத்த தண்ணீரில் 10 நிமிடம் அலசி, பிறகு டோனரில் இறக்குங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: சல்ஃபைட் வேறு, சீப்பியாவுக்கு வாங்கும் சல்ஃபைடு வேறு. டப்பா மீது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஃபிக்ஸரின் அளவுக்கு வருவோம். இல்ஃபோர்ட் ரேபிட் ஃபிக்ஸரை 1+4 (ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர்) கலந்தால் ஃபைபர் பேப்பருக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு லிட்டரில் 8x10 அங்குலப் பிரிண்ட் 40 வரை போடலாம் என்பது சாதாரணக் கணக்கு. நீண்ட காலம் நிற்க வேண்டிய பிரிண்ட் என்றால் லிட்டருக்கு 10 தான். டோன் செய்யப் போகிறவர்கள் இந்த 10 என்ற எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். பேப்பர் நிறையப் போடுகிறவர்களுக்கு இரண்டு டிரேயில் ஃபிக்ஸர் வைத்து, பிரிண்ட்டை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிலும் போடும் முறை சிக்கனம். முதல் டிரே தளர்ந்ததும் அதைக் கழித்துவிட்டு, இரண்டாவதை முதல் இடத்துக்கு நகர்த்தி, இரண்டாவதற்குப் புதிதாகக் கலக்க வேண்டும்.

* * *

இதோடு, பிரிண்ட் முழுதாக ஃபிக்ஸ் ஆகிவிட்டதா என்று பார்க்கும் ஒரு சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். சோடியம் சல்ஃபைடு 2 கிராமை 125 மி.லி. தண்ணீரில் கரைத்து வையுங்கள். பயன்படுத்தும்போது அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். கழுவிய பிரிண்ட்டின் வெள்ளை ஓரத்தில் நீரை ஒற்றியெடுத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். வெளிறிய பால் நிறத்துக்கு மேல் எந்த நிறம் வந்தாலும் ஃபிக்ஸ் ஆகவில்லை என்று பொருள். சல்ஃபைடு கையில் இல்லாவிட்டால் 1+9 கலந்த செலினியம் டோனரே ஒரு சொட்டு போதும், அதே வேலையைச் செய்யும். கறை வந்தால் புது ஃபிக்ஸரில் திரும்பப் போட்டுக் கழுவிவிடலாம். டோன் ஆன பிறகு விழுந்த கறைக்கு வழியில்லை.

செலினியத்தின் அளவு பற்றி: 1+9, 20 முதல் 24 டிகிரி, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் என்று தொடங்குங்கள். குளிர்நிற (நீலம் சாய்ந்த கறுப்பு தரும்) புரோமைடு பேப்பரில் நிறம் கிட்டத்தட்ட மாறவே மாறாது, கறுப்பு மட்டும் ஆழமாகும். அதுவே பெரிய லாபம். இல்ஃபோர்ட் மல்டிகிரேடு ஃபைபர் வார்ம்டோன், ஃபோமாவின் ஃபோமாடோன் போன்ற குளோரோபுரோமைடு (இயல்பிலேயே சற்றுப் பழுப்புச் சாயல் உள்ள) பேப்பர்களில் கதை வேறு. முதலில் பழுப்பாகத் திரும்பி, 1+3 மாதிரி கெட்டியான கரைசலில் கத்தரிக்காய்த் தோல் நிறம் வரை போகும். 1+19இல் எல்லாமே மெதுவாக நடக்கும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தலாம்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் கண் ஏமாற்றும். மாற்றம் படிப்படியாக வருவதால் கண் அதற்குப் பழகிவிடும், "ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். ஒரே நெகட்டிவிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பிரிண்ட் போட்டு, ஒன்றைப் பக்கத்தில் தண்ணீர் டிரேயில் ஈரமாகவே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நிழல் பகுதிகள் முதலில் திரும்பும், வெளிச்சப் பகுதிகள் கடைசியில். நினைத்த நிறம் வருவதற்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள், கழுவும் தண்ணீரில் முதல் ஒரு நிமிடம் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும். நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழே பழுப்பு தெரியாது. பிரிண்ட் எந்த வெளிச்சத்தில் மாட்டப்படுமோ அதற்கு நெருக்கமான விளக்கு போடுங்கள்.

* * *

சீப்பியா செய்கிறவர்களுக்கு நீலப் புள்ளிகள் பற்றிச் சொல்ல வேண்டும், நம் ஊரில் இது அதிகம்.

சீப்பியா இரண்டு கட்ட வேலை: முதலில் ப்ளீச்சில் படத்தை வெளுக்க வைத்து, பிறகு டோனரில் பழுப்பாகத் திருப்புவது. ப்ளீச்சில் இருப்பது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. அது இரும்போடு சேர்ந்தால் பிரஷ்யன் நீலம். போர்வெல் தண்ணீரில் வரும் இரும்பு, துருப்பிடித்த குழாய், முனை உடைந்த எனாமல் டிரே, துருவேறிய இடுக்கி என்று எங்கிருந்து வந்தாலும் ஊசிமுனை அளவு நீலப் புள்ளிகள், பெரும்பாலும் வானத்திலோ முகத்திலோ. ப்ளீச்சை மட்டுமாவது காய்ச்சி வடித்த நீரில் கலக்குங்கள். பிளாஸ்டிக் டிரே, பிளாஸ்டிக் அல்லது மூங்கில் இடுக்கி போதும். புள்ளி விழுந்துவிட்டால் மெல்லிய சோடியம் கார்பனேட் கரைசலில் அலசிப் பார்க்கலாம், பிரஷ்யன் நீலம் காரத்தைத் தாங்காது.

ப்ளீச் கலவை: ஒரு லிட்டர் தண்ணீரில் ஃபெர்ரிசயனைடு 10 கிராம், பொட்டாசியம் புரோமைடு 10 கிராம். காய்ந்த பிரிண்ட்டை நேராக உள்ளே போடக்கூடாது. தண்ணீரில் சில நிமிடம் ஊறவிட்டுப் போட்டால்தான் ஒரே சீராக வெளுக்கும். விரல் எண்ணெய் பட்ட இடம் தாமதமாக வெளுத்துக் கைரேகையாகவே நிற்கும். வெளிச்சப் பகுதிகள் முதலில் கரையும், ஆழ்ந்த நிழல் கடைசியில். முழுதாக வெளுத்தால் மங்கலான வைக்கோல் நிறத்தில் ஒரு சாயல் மட்டும் இருக்கும். வெள்ளி எங்கும் போய்விடவில்லை, சில்வர் புரோமைடாகப் பேப்பரிலேயே இருக்கிறது. சாதாரண அறை வெளிச்சத்தில் இந்த வேலையைச் செய்யலாம். இந்த நிலையில் நேர் வெயில் மட்டும் படக்கூடாது.

அடுத்து, வெள்ளை ஓரத்திலுள்ள மஞ்சள் முழுக்கப் போகும் வரை கழுவுங்கள். ஃபைபருக்கு 10 நிமிடமாவது வேண்டும். அவசரப்பட்டு அந்த மஞ்சளோடு டோனருக்குள் போட்டால் கறையும் அடர்த்திக் குறைவும் சேர்ந்து வரும்.

டோனருக்கு இரண்டு பாட்டில். முதலாவதில் தயோயூரியா லிட்டருக்கு 100 கிராம், இரண்டாவதில் சோடியம் ஹைட்ராக்சைடு லிட்டருக்கு 100 கிராம். இரண்டிலும் 50 மி.லி. எடுத்து லிட்டராக்கினால் நடுத்தரப் பழுப்பு. தயோயூரியா 100, ஹைட்ராக்சைடு 20 என்றால் மஞ்சள் பழுப்பு. திருப்பி 20க்கு 100 என்றால் குளிர்ந்த, சாக்லேட் பக்கம் சாயும் பழுப்பு. பழைய ஸ்டூடியோக்கள் பயன்படுத்திய சோடியம் சல்ஃபைடில் இப்படி நிறத்தை நகர்த்த முடியாது. அதற்காகவே தயோயூரியாவைப் பரிந்துரைப்பேன்.

சீப்பியாவில் பிரிண்ட் சற்று வெளிறும். அதனால் வழக்கத்தைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எக்ஸ்போஷரும் அரை கிரேடு கூடுதல் கான்ட்ராஸ்ட்டும் கொடுத்துப் போட்ட பிரிண்ட்தான் டோன் ஆன பின் சரியாக நிற்கும். நன்றாக வந்த பிரிண்ட்டை எடுத்து டோன் செய்தால் வெளிச்சப் பகுதி விவரம் போய்விடும்.

* * *

மேலே உள்ளதில் பாதுகாப்பு விட்டுப்போயிற்று.

சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். அமிலம் பட்டால் ஆபத்தான அளவில் விடும். அந்த வாயு பிரிக்காத பேப்பரையும் ஃபிலிமையும் ஃபாக் ஆக்கும், அதாவது வெளிச்சம் படாமலே கறுக்க வைக்கும். மொட்டை மாடியில் செய்யுங்கள், இருட்டறையில் வேண்டாம். தயோயூரியாவில் நாற்றமில்லை, ஆனால் ஒரு துளி டிரே ஓரத்திலோ விரலிலோ ஒட்டி அடுத்த நாள் டெவலப்பருக்குள் போனால் பேப்பர் கறுக்கும். தயோயூரியா புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயமும் உண்டு, தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. டோனிங் டிரேக்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஹைட்ராக்சைடை எப்போதும் குளிர்ந்த தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள், தண்ணீரை அதன் மேல் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். ஃபெர்ரிசயனைடு பக்கத்தில் வலுவான அமிலமே இருக்கக்கூடாது. செலினியத்துக்கு நைட்ரைல் கையுறை, இடுக்கி, ஜன்னல் திறப்பு மூன்றும் கட்டாயம். அமோனியா வாடை தெரிகிறதென்றால் காற்றோட்டம் போதவில்லை.

சித்திரை, வைகாசியில் மேல்தொட்டித் தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டும். அதில் நீண்ட நேரம் கழுவினால் ஃபைபர் பேப்பரின் ஜெலட்டின் ஊதி, ஓரம் உரியத் தொடங்கும். விடியற்காலையில் பிடித்து வைத்த தண்ணீரில் செய்யுங்கள். டிரேயைச் சுற்றிப் பெரிய டிரேயில் ஐஸ் பாக்கெட் வைக்கலாம்.

* * *

சீப்பியா, செலினியம் இரண்டையும் ஒரே பிரிண்ட்டில் சேர்த்துச் செய்யும் ஸ்பிளிட் டோன் பற்றி யாரும் எழுதவில்லையே. டோனிங்கில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

இதன் அடிப்படை ஒன்றுதான்: ப்ளீச் வெளிச்சப் பகுதியிலிருந்து தொடங்கும், செலினியம் நிழல் பகுதியிலிருந்து தொடங்கும். ப்ளீச்சை நாலில் ஒரு பங்காக நீர்த்து 15, 20 வினாடி மட்டும் போட்டு எடுத்துச் சீப்பியா செய்தால், தோலும் மேகமும் பழுப்பாகும், முடியும் நிழலும் வெள்ளியாகவே நிற்கும். நன்றாகக் கழுவிச் செலினியத்தில் போட்டால் அந்த நிழல்கள் குளிர்ந்து ஆழமாகும். சல்ஃபைடாக மாறிய இடத்தைச் செலினியம் தொடாது.

வரிசையை மாற்றினால் வேறு பிரிண்ட். முதலில் வார்ம்டோன் பேப்பரைச் செலினியத்தில் பாதி வரை போட்டு எடுங்கள். செலினைடான நிழல்களை ப்ளீச் அரிக்காது. பிறகு ப்ளீச்சும் தயோயூரியாவும். ஊதா சாய்ந்த நிழலும் தேன் நிற வெளிச்சமும் எதிரெதிரே நிற்கும். இடைத்தொனிகளில் கோடு எங்கே விழுகிறது என்பது முழுக்க முழுக்கச் செலினியத்தில் கொடுத்த நேரம். 30 வினாடி இடைவெளியில் சோதனைத் துண்டுகள் போட்டு, நேரத்தைப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.

தங்கமும் இதே குடும்பம். கோடாக் ஜிபி-1 கலவை: 1 சதவீத கோல்டு குளோரைடு கரைசல் 10 மி.லி., சோடியம் தயோசயனேட் 10 கிராம், மொத்தம் ஒரு லிட்டர். தங்கத்தை 750 மி.லி. தண்ணீரில் விட்டு, தயோசயனேட்டைத் தனியாக 125 மி.லி. நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே மெதுவாகச் சேர்த்து, மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். கறுப்புப் பிரிண்ட் 10 நிமிடத்தில் மெல்லிய நீலக் குளிர்ச்சிக்கு வரும். சீப்பியா ஆன பிரிண்ட்டை அதே டிரேயில் போட்டால் ஆரஞ்சு சிவப்பு. விலை அதிகம் என்பதால் பிரிண்ட்களைச் சேர்த்து வைத்து, ஒரே நாளில் போட்டு முடித்துவிடுங்கள்.

* * *

செலினியம் போட்டால் நூறு ஆண்டு நிற்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ரோசெஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் மைக்ரோஃபிலிமை வைத்துச் சோதித்தபோது, நீர்த்த செலினியம் அடர்த்தி குறைந்த பகுதிகளைப் போதுமான அளவு காப்பதில்லை என்று தெரிந்தது. காரணம் மேலே சொன்னதுதான், செலினியம் நிழலில் தொடங்குகிறது, வெளிச்சப் பகுதிக்கு எட்டுவதற்குள் நாம் எடுத்துவிடுகிறோம். ஆக்சிஜனேற்ற வாயுக்கள் முதலில் தின்பதோ அந்த மெல்லிய வெள்ளியைத்தான். லேசான சீப்பியாவும் பிறகு செலினியமும் என்ற வரிசை இரு முனைகளையும் மூடிவிடுகிறது. அழகுக்காகச் செய்யும் ஸ்பிளிட் டோன், காப்புக்கும் அதுவே நல்ல வழி.

வீட்டுப் பழைய படங்கள் பழுப்பாக இருந்தால் அதெல்லாம் சீப்பியா என்று எண்ண வேண்டாம். வெளிச்சப் பகுதி விவரம் அழிந்து, ஓரத்தில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் அது வெள்ளி சிதைந்து மங்கிய படம். முறையாகச் சீப்பியா செய்ததில் நிறம் ஓரம் வரை ஒரே சீராக இருக்கும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும்.

செலினியத்தை ஒவ்வொரு முறையும் கொட்ட வேண்டியதில்லை. கறுப்பு வண்டல் படிந்தால் காபி ஃபில்டரில் வடிகட்டி, வேகம் குறையும்போது கொஞ்சம் கெட்டி டோனர் சேர்த்துக்கொண்டே போகலாம். நச்சுப் பொருள் என்பதால் சாக்கடையிலோ தோட்டத்து மண்ணிலோ செப்டிக் டேங்கிலோ ஊற்றாமல் இருக்க இதைவிட எளிய வழியில்லை. கான்ட்ராஸ்ட் குறைந்த நெகட்டிவ் இருந்தால் அதே பாட்டிலிலிருந்து 1+2 கலந்து, நன்கு ஃபிக்ஸ் ஆகிக் கழுவிய நெகட்டிவைச் சில நிமிடம் போட்டுப் பாருங்கள், நெகட்டிவில் அடர்த்தியாக இருக்கும் வெளிச்சப் பகுதிகளில் ஏறக்குறைய ஒரு ஸோன் (ஒரு ஸ்டாப் எக்ஸ்போஷர் அளவு) அடர்த்தி கூடும்.