பேரிங், கனெக்ட் இரண்டுக்கும் ‘இணை’தானா? ‘பிணை’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கைபேசியில் இருக்கும் பாட்டைக் கார் செட்டில் புளூடூத் வழியே கம்பியில்லாமல் கேட்க உதவும் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். அதில் ‘பேர்’ என்று ஒரு பொத்தான், ‘கனெக்ட்’ என்று இன்னொரு பொத்தான். நம் மொழிபெயர்ப்புக் கோப்பில் இரண்டுக்கும் ‘இணை’ என்றே இருப்பதை நம் குழுவிலுள்ள அக்கா சுட்டிக்காட்டியிருந்தார். அதற்குக் குழுவின் ஐயா எழுதிய பதில்:

> இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பயனருக்குக் குழப்பம் வராது. ‘இணை’ என்பதே இருக்கட்டும்.

ஐயா ஆக்கித் தந்த சொற்களைத்தான் நான் தினமும் தட்டச்சு செய்கிறேன். ஆனாலும் இதில் அவரோடு உடன்பட முடியவில்லை. அந்தக் குழப்பம் எங்கள் குடும்பத்திலேயே வந்தது.

மாமா ஆதம்பாக்கத்தில் முதல் மாடியில் குடியிருக்கிறார். போன தை மாதம் தம் பழைய காரைக் கீழ்வீட்டுக்காரருக்கே விற்றார். கைபேசியைத் தமிழில் வைத்திருப்பவர். சாவியைக் கொடுக்கும் முன் பொறுப்பாகப் புளூடூத் பக்கத்தைத் திறந்து, வண்டியின் பெயரைத் தொட்டு, ‘இணைப்பைத் துண்டி’ என்பதை அழுத்தினார். ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று வந்தது. இனி இந்த வண்டிக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை மதுரையிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். மாமா எடுத்து ‘அலோ, அலோ’ என்கிறார், காதில் சத்தமே இல்லை. கீழே அலுவலகம் கிளம்ப வண்டியைக் கிளப்பிய கீழ்வீட்டுக்காரருக்கு நான்கு கதவு ஸ்பீக்கரிலும் பெரியம்மாவின் குரல், அதுவும் வீட்டுக் கடன் தவணை பாக்கியைப் பற்றி. அவர் நல்ல மனிதர், உடனே செட்டை அணைத்துவிட்டு மேலே வந்து சொன்னார். மாமாதான் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

அவர் துண்டித்தது அன்றைய தொடர்பை மட்டும். கைபேசியும் வண்டியும் ஒன்றையொன்று நினைவில் வைத்திருந்தது அப்படியே இருந்தது. புளூடூத் சாதாரணமாகப் பத்து மீட்டர் எட்டும். மாமா வீட்டுக் கூடத்துக்கும் கீழே வண்டி நிற்கும் இடத்துக்கும் அவ்வளவுகூட இல்லை. சாவியைத் திருப்பியதும் செட் தனக்குத் தெரிந்த கைபேசியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. மாமா அழுத்தியிருக்க வேண்டியது அதற்குக் கீழே ‘மற’ என்று ஒற்றைச் சொல்லாக இருந்த பொத்தானை. யார், எதை மறப்பது என்று அதைப் பார்த்து யாருக்குத்தான் புரியும்?

இந்த இரண்டு செயலும் எப்படி வேறு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சொல்லை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

பேரிங் என்பது முதல் சந்திப்பில் ஒருமுறை நடப்பது. பழைய செட்டுகளில் 0000 அல்லது 1234 என்று தட்டச் சொல்லும். 2007-இல் வந்த புளூடூத் 2.1 பதிப்பு முதல், திரையுள்ள கருவிகள் என்றால் இரண்டிலும் ஒரே ஆறு இலக்க எண் தோன்றும், ‘இரண்டும் ஒன்றா’ என்று கேட்கும். நாம் ஒப்புக்கொண்டதும் இரண்டும் ஒரு மறைசாவியை (ரகசிய எண்ணை) தத்தம் நினைவகத்தில் எழுதிக்கொள்கின்றன. அந்தச் சாவி காற்றில் போவதே இல்லை, இரண்டும் தனித்தனியே கணக்கிட்டு ஒரே சாவிக்கு வந்து சேர்கின்றன. நடுவில் வேறு யாரும் புகுந்து ஏமாற்றவில்லை என்று உறுதிசெய்யத்தான் ஆறு இலக்கம். வண்டியை அணைத்தாலும், கைபேசியை ஒரு வாரம் மூடி வைத்தாலும் சாவி அழியாது.

கனெக்ட் என்பது ஒவ்வொரு முறை வண்டியில் ஏறும்போதும் நடப்பது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில் 79 தடங்கள் உண்டு. இணைந்திருக்கும் நேரம் முழுக்கக் கைபேசியும் செட்டும் ஒரே தாளக்கட்டில் அவற்றுக்கிடையே நொடிக்கு 1600 தடவை வரை தாவிக்கொண்டே இருக்கும். வண்டியை அணைத்தால் தாவலும் நின்றுபோகும். அந்தத் தொடர்பிலும் இரண்டு வழி இருக்கிறது. பாட்டு ஏ2டிபி என்ற வழியில் இரண்டு காதுக்கும் தனித்தனியாக, பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து) போகும். அழைப்பு வந்தால் அது நின்று எச்எஃப்பி என்ற பேச்சு வழி திறக்கும். அதில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலி, பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். ஃபோன் வந்ததும் குரல் திடீரென்று தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருப்பது இதனால்தான். பேச்சுக்கு இணைந்து பாட்டுக்கு இணையாமல் இருப்பதும் அன்றாடம் நடக்கிறது. ஆக இணைதல் பாதியாக இருக்கலாம், வரும், போகும். பேரிங்கில் பாதி என்று ஒன்று கிடையாது.

புளூடூத்துக்கு முன்னால் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் இருந்ததே, நினைவிருக்கிறதா? சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 102.3, 106.4 என்று நிலையங்கள் நெருக்கி உட்கார்ந்திருக்க, நடுவில் காலி இடம் தேடி நம் பாட்டைச் செருக வேண்டும். சிக்னலில் ஒட்டி நிற்கும் வண்டியும் அதே எண்ணில் இருந்தால் நம் பாட்டு அங்கேயும் கேட்கும். அங்கே அறிமுகமும் இல்லை, ஒப்புதலும் இல்லை. அதற்குப் ‘பிடித்தல்’ என்ற சொல்லே போதும், மக்களும் ‘புடிக்குது, புடிக்கல’ என்றுதான் சொன்னார்கள். புளூடூத் புதிதாகக் கொண்டுவந்தது அந்த ஒப்புதலை. அதற்குத்தான் நம்மிடம் சொல் இல்லை.

‘பயனருக்குக் குழப்பம் வராது’ என்பதற்கு ஒரு மறுப்பு. போன மாதம் அப்பாவுடன் குரோம்பேட்டையிலிருந்து சிறுசேரிக்கு வாடகைக் காரில் போனேன். ஓட்டுநர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அப்பாவின் கைபேசியிலிருந்து பாட்டுப் போடக் கேட்டோம். செட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “பேர் ஆயிடுச்சு சார், கனெக்ட்தான் ஆவல. ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” எந்தக் கையேடும் படிக்காமல் அவர் இரண்டையும் இவ்வளவு துல்லியமாகப் பிரிக்கிறார். தெருவில் இருக்கும் வேறுபாட்டை நம் தமிழாக்கம் அழித்துவிடுகிறது. அதுதான் எனக்கு வலிக்கிறது.

அப்பா பின்னாலிருந்து, “யார் பேருப்பா?” என்று கேட்டார். அவர் காதில் அது ‘பெயர்’ என்று விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தும் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். ‘பேர் குடுத்தாச்சு’ என்றால் பதிவு செய்தாயிற்று என்றுதானே பொருள்? செட்டின் திரையிலும் பெயர்ப் பட்டியல்தான் வருகிறது. ‘பெயர் பதி’ என்றே வைக்கலாமா என்று ஒரு இரவு முழுக்க ஆசைப்பட்டேன். ஆனால் பதிவு ஒருதலையானது, நாம் போய் ஓரிடத்தில் பெயர் கொடுப்பது. இங்கே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஏற்கிறது. அதனால் கைவிட்டேன்.

இனி வந்த பரிந்துரைகள். ‘சோடி சேர்’ அக்கா சொன்னது. பேச்சுக்கு நெருக்கம், பார்த்ததும் புரியும். ஆனால் ஒரு செட் நினைவில் வைத்துக்கொள்வது பல கைபேசிகளை, சோடி என்றால் இரண்டோடு நின்றுவிடும். நீக்குவதற்கு ‘சோடியைப் பிரி’ என்று எழுதவும் மனம் வரவில்லை. ‘பொருத்து’ வேறு எங்காவது சரியாக இருக்கலாம். சென்னையில் கார் உதிரிப் பொருள் விற்கும் ஜி.பி. ரோட்டுக் கடையில் ‘செட்டு பொருத்தியாச்சு’ என்றால் டாஷ்போர்டில் திருகாணி முடுக்கியாகிவிட்டது என்று பொருள், அதே துறைக்குள் மோதல். ‘அறிமுகம் செய்’ முதல் சந்திப்பை அழகாகச் சொல்கிறது, பொத்தானில் அடங்காது.

‘இணை’யை ஏன் இதற்கு ஒதுக்கக் கூடாது என்றால், அதன் முதுகில் ஏற்கெனவே பெரிய சுமை. இணையம், மின்னிணைப்பு, மடலில் இணைப்பு, இணை இயக்குநர், இணைகோடு, வாழ்க்கை இணையர். பேர், கனெக்ட் இரண்டுக்கும் அது பொருந்துவதே சிக்கல். பழந்தமிழில் இணை என்றால் சோடி, இன்று இணை என்றால் தொடர்பு. இரண்டில் ஒன்றைத்தான் அதனிடம் கொடுக்க முடியும். மின்சாரம் முதல் இணையம் வரை மக்கள் ‘இணைப்பு’ என்பதைத் தொடர்புக்கே பழகிவிட்டார்கள், அதனால் கனெக்ட்டுக்கு விட்டுவிடலாம்.

பேரிங்குக்கு நான் முன்வைப்பது ‘பிணை’.

பிணைத்தல், பிணைதல் என்று பிறவினையும் தன்வினையும் அதற்கு இயல்பாகவே உண்டு. ‘கைபேசியை வண்டியோடு பிணைத்தேன்’, ‘இரண்டும் பிணைந்தன.’ எங்கள் பாட்டி ஊரில் களத்தில் நெல் மிதிக்க மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகச் சேர்த்துக் கட்டுவதைப் பிணையல் என்பார்கள். எத்தனை மாடானாலும் ஒரு பிணையல்தான், இரண்டு என்ற எல்லை அதில் இல்லை. கட்டிய மாடு நின்றுகொண்டும் இருக்கலாம், சுற்றிக்கொண்டும் இருக்கலாம், கட்டு கட்டாகவே இருக்கும். பிணைந்திருக்கிறது, இணையவில்லை என்ற நிலைக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

தம்பி தனிமடலில் ஓர் ஐயம் கேட்டிருந்தார்:

> பிணை என்றால் நீதிமன்றத்தில் ஜாமீன் அல்லவா? பிணைக்கைதி என்றும் சொல்கிறோமே.

எனக்கு அந்த ஜாமீன் பொருளே இந்தச் சொல்லை உறுதியாக்குகிறது. பிணை கொடுப்பது என்றால் ‘இவரை நம்பலாம்’ என்று ஒருவர் பொறுப்பேற்பது. ஆறு இலக்கத்தைப் பார்த்துச் ‘சரி’ என்று அழுத்தும்போது நாம் செய்வதும் அதே. அதன் பிறகு செட் ஒவ்வொரு முறையும் நம்மைக் கேட்பதில்லை. பிணைக்கைதி கூட்டுச் சொல், தனியாக நிற்கும் ‘பிணை’ பொத்தானைப் பார்த்து யாரும் அங்கே போக மாட்டார்கள்.

உண்மையான குறை ஒன்று உண்டு. பிணை, இணை இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓசை. மாமாவைப் போலக் கண்ணாடி தேடுகிறவர்கள் சின்னத் திரையில் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடலாம். அதனால் பொத்தான்களில் இவற்றைத் தனியாக விட வேண்டாம். ஒன்றில் ‘புதிய வண்டியைப் பிணை’, மற்றதில் ‘பாட்டுக்கு இணை’, ‘அழைப்புக்கு இணை’ என்று போடுவோம். மேலே சொன்ன இரண்டு வழிகளும் அப்போது வெளிப்படையாகத் தெரியும். பேர்டு டிவைசஸ் என்ற பட்டியலுக்குப் ‘பிணைந்தவை’. டிஸ்கனெக்ட்டுக்கு ‘இப்போதைக்குத் துண்டி’. அந்த ‘மற’வுக்குப் பதில் ‘பிணைப்பை அவிழ்’. முடிச்சையும் அவிழ்க்கிறோம், மாட்டையும் அவிழ்த்துவிடுகிறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

புளூடூத் என்ற பெயரைப் பற்றியும் கேள்வி வந்தது. பகிரியில் (வாட்ஸ்அப்) சுற்றும் பட்டியலில் அருகலைக்கு (வைஃபை) பக்கத்தில் புளூடூத்துக்கு என்று இருக்கும் ‘ஊடலை’யை நான் ஏற்கவில்லை. படிக்கிறவர் அதை ஊடல் + ஐ என்றுதான் பிரிப்பார். ‘ஊடலை நிறுத்து’ என்று திரையில் வந்தால் கணவன் மனைவிக்கு அறிவுரை போல இருக்கும். வேற்றுமை சேர்த்தால் ‘ஊடலையை’ என்று நாக்கு சிக்கும். ‘நீலப்பல்’லும் வேண்டாம். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்தவர்களை அவர் ஒன்றாக்கியதை நினைத்து 1997-இல் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் தற்காலிகமாகச் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது. சின்னத்தில் இருப்பதும் அந்த மன்னர் பெயரின் முதலெழுத்துகள், பழைய ரூனிக் எழுத்தில். ஆள் பெயரை மொழிபெயர்ப்பதில்லை. மெய்யெழுத்தில் தொடங்காமல் ‘புளூடூத்’ என்று எழுதினால் போதும். செட்டுக்குச் ‘செட்’ என்பதே இருக்கட்டும், ‘மகிழுந்து ஒலியமைப்பு’ என்று எழுதினால் ஓட்டுநர் தம்பி அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டார்.

ஸ்ட்ரீமிங்குக்குத் தனி இழை தொடங்கலாம், ‘தாரை’யா ‘ஓடை’யா என்பதை இதோடு கலக்க வேண்டாம்.

வரும் சனிக்கிழமை கோப்பைப் பதிவேற்றுகிறேன். அதற்குள் இலங்கை, சிங்கப்பூர் நண்பர்கள் தங்கள் பக்கம் ‘பிணை’ எந்தப் பொருளில் புழங்குகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘அவிழ்’ உங்கள் பேச்சில் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். ஐயா, உங்களுக்கு இன்னும் மறுப்பு இருந்தால் மேலே உள்ள தொடர்களில் எது இடிக்கிறது என்று குறித்து அனுப்பினால் அதை மட்டும் எடுத்துத் திருத்திப் பார்க்கிறேன்.

அன்புடன்,
குரோம்பேட்டையிலிருந்து