கணினி நேரம் எங்கே கிடைக்கும்? பட்டியல் போட உதவுங்கள்
வணக்கம். காரைக்குடியில் வேதியியல் ஆய்வு மாணவன் நான். மூலக்கூறுக் கணக்கு ஒன்று எங்கள் ஆய்வகக் கணினியில் பதினைந்து நாள் ஓடுகிறது. நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில், திருச்சி என்ஐடியில், 838 டெராஃபிளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் 2022 முதல் இருக்கிறது என்பதே போன மாதம்தான் தெரிந்தது. வளவில் கிணறு இருக்க, ஊருணிக்குக் குடம் தூக்கிய கதை.

அதனால் கல்வி நிறுவனங்களின் சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் தொடங்கியிருக்கிறேன், கூகுள் ஷீட்டில். பெயரும் வேகமும் தேடினாலே கிடைக்கும். வெளி மாணவருக்குத் தருவார்களா, கட்டணம் எவ்வளவு, வழிகாட்டியின் கடிதம் வேண்டுமா, ஸ்லர்ம் (யார் கணக்கு எப்போது ஓடும் என்று முறை வைக்கும் மென்பொருள்) வரிசையில் எத்தனை நாள் காத்திருக்கணும்? இதெல்லாம் பயன்படுத்தியவர்கள் சொன்னால்தான் உண்டு. தேதியையும் போடுங்கள், பழைய விவரத்தை நம்பி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

அப்புறம், மாதம் ஒருமுறை சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள்?