வட்டில் உள்ள ஊர்ப் படங்கள்: எதை அழித்தேன், எதை விட்டேன்

ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன கிழமை "ஒரே படம் பல தடவை இருப்பதை அழிக்கத் தொடங்கியிருக்கிறேன்" என்று நான் எழுதிய ஒரு வரிக்கு ஒன்பது பேர் போன் எடுத்துவிட்டார்கள். சுவிஸ் மாமி எடுத்தபோது அங்கே நடுச்சாமம், இங்கே விடிய நாலரை. "தம்பி, எங்கட அப்பு தேர் வடம் பிடிக்கிற படத்தையும் அழிச்சுப்போட்டியே?" என்று கேட்டார். இல்லை மாமி, அழிக்கவில்லை. அந்தப் படம், ஊர்ப் படங்களைச் சேர்த்துவைத்திருக்கிற எங்கள் கணினி வட்டில் பதினேழு தடவை இருந்தது. இப்போது மூன்று தடவை இருக்கிறது. ஏன் ஒன்றாக்காமல் மூன்றாக விட்டேன் என்று அந்த நேரத்தில் போனில் விளங்கப்படுத்த முடியவில்லை. அதனால் எல்லாருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டின் கதை புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. லண்டனில் தொடங்கி ஜேர்மனி, நோர்வே, கனடா என்று வீடு வீடாகப் போய் வந்த 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் அது. போன இடத்திலெல்லாம் தங்கள் அல்பங்களை ஸ்கான் செய்து சேர்த்தார்கள். சேர்ப்பதற்கு முன்னர், எதற்கும் இருக்கட்டும் என்று, ஏற்கெனவே உள்ளதை ஒரு பிரதி எடுத்து அதே வட்டுக்குள்ளேயே வைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் அந்தப் பிரதியையும் சேர்த்துப் பிரதி எடுத்தார். "ஊர்ப்படம்", "ஊர்ப்படம் புதிசு", "ஊர்ப்படம் கடைசி", "கடைசி 2" என்று பெட்டிக்குள் பெட்டியாக அறுபத்தோராயிரம் கோப்புகள். கடைசியில் ஊரில் இருப்பவன் நான்தானே என்று என் தலையில் வந்து விழுந்தது.

முதலில் எதையும் அழிக்கவில்லை. வட்டை முழுதாக இன்னொரு வட்டுக்கு எடுத்து அதைக் கழற்றி அலுமாரியில் பூட்டினேன். நடுவில் கரண்ட் போய், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது. அந்த அலுமாரி வட்டை வருகிற ஆவணி வரை தொட மாட்டேன். ஆகவே இப்போதைக்கு எந்தப் படமும் போகவில்லை. ஒன்பது பேரும் ஆறுதலாக இருக்கலாம்.

பிறகு சுலபமான பகுதி. கோப்பின் பெயரை நம்பிப் பயனில்லை. ஒரே படம் ஓரிடத்தில் "தேர்" என்றும் இன்னோரிடத்தில் "டிஎஸ்சி 0047" என்றும் இருக்கும். அதனால் மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் உள்ளே முழுதாக வாசித்து, கைரேகை மாதிரி ஓர் எண் போடுகிறது. பிளேக்3 என்ற முறையில் அது 64 எழுத்து நீளம். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். எனவே இரண்டு எண்ணும் ஒன்று என்றால் இரண்டு கோப்பும் ஒன்றுதான், சந்தேகப்பட வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் எண் போட்டு நேரத்தை வீணாக்காமல், ஒரே அளவுள்ள கோப்புகளை முதலில் பிரித்து அவற்றுக்கு மட்டும் போடும். நான் பாவித்தது ச்காவ்கா என்ற இலவச மென்பொருள். போலந்து மொழியில் அந்தச் சொல்லுக்கு விக்கல் என்று அர்த்தமாம். யாரோ நினைத்தால்தான் விக்கல் வரும் என்பார் எங்கள் ஆச்சி. ஊர்ப் படம் தேடுகிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஒரே பின்னேரத்தில் முப்பத்து நாலாயிரம் கோப்புகள் போயின. மனம் பதறவே இல்லை.

பதற வைத்தது அடுத்தது. கண்ணுக்கு ஒன்று போலத் தெரிந்து, கோப்பாக வேறாக இருக்கிற படங்கள். பெரும்பாலும் வட்ஸ்அப்பில் வந்தவை. சாதாரணமாக அனுப்பினால் அது நீளப்பக்கத்தை ஏறக்குறைய 1,600 புள்ளிக்குக் குறுக்கி, இன்னும் அழுத்தி, கமரா எழுதிவைத்த திகதியையும் துடைத்துவிட்டுத்தான் கொடுக்கும். கைரேகை எண் இங்கே உதவாது. இதற்கு வேறு உபாயம் இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒன்பதுக்கு எட்டு என்று எழுபத்திரண்டே கட்டமாகச் சுருக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டத்தோடு ஒப்பிட்டு, எது வெளிச்சம் என்று மட்டும் கேட்கிறது. வரிசைக்கு எட்டாக மொத்தம் 64 விடை. இரண்டு படங்களின் விடைகள் எத்தனை இடத்தில் வேறுபடலாம் என்பதை நாம் சொல்லலாம். இறுக்கிப் பிடித்தால் பல பிரதிகள் தப்பிவிடும். தளர்த்தினால் வில்லங்கம்.

நான் தளர்த்திப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து வகுப்புப் படங்கள் முழுக்க ஒரே படம் என்று கொண்டுவந்து நிறுத்தியது. அதில் பிழை சொல்லவும் முடியாது. வருடா வருடம் அதே படிக்கட்டு, நடுவில் அதிபர், இரண்டு பக்கமும் ஆசிரியர்கள், முன்னால் சப்பாணி கட்டின சின்னப் பிள்ளைகள், எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு. எழுபத்திரண்டு கட்டத்தில் பார்த்தால் 1968உம் 1969உம் ஒன்றுதான். கல்வெட்டுக்கு, அதாவது செத்தவீட்டு நினைவுமலருக்கு, எடுத்த முகப் படங்களில் அண்ணனையும் தம்பியையும் ஒரே ஆள் என்றது. தீர்த்தத்துக்கு நிற்கிற சனத்தையும் பூங்காவனத்துக்கு நிற்கிற சனத்தையும் ஒன்றாக்கியது. "எல்லாவற்றையும் தெரிவுசெய்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஒருநாளும் அழுத்தாதேயுங்கள். இரண்டு கிழமை இரவிரவாக இருந்து சோடி சோடியாகக் கண்ணால் பார்த்துத்தான் முடித்தேன்.

சரி, இரண்டும் ஒரே படம்தான் என்று தெரிந்துவிட்டது. எதை வைப்பது? பெரியதை வைத்துக்கொள் என்பது எல்லா மென்பொருளுக்கும் பொதுவான யோசனை. அதை நம்பி ஓர் ஆச்சியைத் தொலைக்கப் பார்த்தேன். இளசுகள் யாரோ செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு ஆச்சியின் பழைய படத்தைப் பெருப்பித்துத் துலக்கியிருக்கிறார்கள். கோப்பு நாலு மடங்கு பெரியது. தோல் வழவழப்பு, கண்ணில் மினுக்கம், வாய்க்குள் வரிசையாக முழுப் பல். அந்த ஆச்சி வெற்றிலை போட்டுப் போட்டு முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்ததைப் பார்த்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருபது பேர் இருப்பீர்கள். அது ஆச்சியின் சேலை கட்டின வேறு யாரோ. மங்கலான சின்னப் படத்தை வைத்தேன், பளபளப்பை எடுத்துவிட்டேன். செய்து தந்த பிள்ளை கோபிக்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சுவரில் தாராளமாக மாட்டுங்கள். வட்டுக்குள் மட்டும் வேண்டாம்.

திகதியை வைத்துப் பழையது புதியது பார்ப்போம் என்றாலும் சரிவராது. ஸ்கான் செய்த நாளையும் அனுப்பின நாளையும்தான் கோப்பு சொல்லும். கடிகாரம் வைக்காத கமராக்களால் ஒரு கலியாணவீடு முழுதும் 2000 ஜனவரி 1இல் நடந்திருக்கிறது.

இனி மாமியின் படம். பதினேழில் பதினான்கு கோப்புப் பிரதிகள். அவை போய்விட்டன. மிஞ்சிய மூன்றையும் மென்பொருள் இன்னும் ஒரே படம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அவை மூன்று வெவ்வேறு கடதாசிகள். ஸ்டூடியோக்காரர் ஒரே நெகட்டிவிலிருந்து கழுவிக் கொடுத்து, மூன்று வீட்டுக்குப் போய், மூன்று விதமாக வயது போனவை.

சுவிஸில் இருப்பது சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று நாலு பக்கமும் வெட்டியது. அப்பு நடுவில் வடிவாக நிற்கிறார், முகம் நல்ல தெளிவு. ரொறன்ரோவில் இருப்பது பசை அல்பத்தில் ஒட்டி மஞ்சள் பிடித்தது, ஆனால் முழுப் படம். அதில் வலது கரையில் வடத்தின் நுனியைப் பிடித்தபடி ஒரு பொடியன் நிற்கிறான், பத்து வயது இருக்கும். சுவிஸ் படத்தில் கத்தரிக்கோல் போனது அவனுக்கு மேலால்தான். மூன்றாவது படம் இங்கே ஊரில் இருந்தது. தண்ணீர் பட்டு மேல்பாதி அழிந்துவிட்டது, அப்புவின் தலையே தெரியாது. எறிந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அதன் பின்பக்கத்தில் நீல மையில் "1978 தேர்" என்றும், இடமிருந்து வலமாகப் பதினொரு பெயரும் இருக்கின்றன. பதினோராவது பெயர் அந்தப் பொடியனுடையது. அவனுடைய அக்காவிடம் கேட்டேன். அவனுக்கு வேறு படமே இல்லை என்றார். பெயரும் முகமும் சந்திக்க வேண்டுமென்றால் இரண்டு கடதாசியும் வேண்டும். அப்புவின் முகத்துக்குச் சுவிஸ் கடதாசியும் வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து மழையில் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலம் தாண்டியபோது யார் அல்பம் தூக்கினார்கள்? எங்கள் அம்மா காணி உறுதிகளையும் சொப்பிங் பைக்குள் பத்துப் பன்னிரண்டு படங்களையும் எடுத்தார். திரும்பி வந்தபோது வீட்டில் கதவுநிலையும் இல்லை. இன்று எங்களிடம் இருக்கிற பழைய படங்களில் பாதிக்கு மேல், அதற்கு முன்னரே கடிதத்துக்குள் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவை. ஒரு பிரதி கூடுதலாக அடித்து அனுப்பினார்களே, அதனால்தான் வட்டு என்று ஒன்று இருக்கிறது. அதையே "கூடுதல் பிரதி" என்று நான் அழித்தால் எப்படி? 1990க்கும் 1995க்கும் இடையில் மின்சாரமே இல்லாத காலத்துப் படங்கள் மொத்தமே நாற்பதுதான். அவற்றில் ஒன்றையும் நான் தொடவில்லை, பிரதியாக இருந்தாலும்.

ஆகவே அந்த நாற்பதைத் தவிர, வட்டில் இப்போது ஒரு கடதாசிக்கு ஒரு கோப்பு. ஒரே காட்சியின் கடதாசிகள் ஒரே போல்டரில், எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற குறிப்போடு இருக்கும். இனி அனுப்புகிறவர்கள் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள், வெறுமையாக இருந்தாலும். ஸ்டூடியோ முத்திரை சில வேளை மங்கலாக இருக்கும், ஸ்கானில்தான் தெரியும். 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, போதும். நாலுக்கு ஆறு அங்குல அஞ்சலட்டை அளவு படம் அதில் 2,400க்கு 3,600 புள்ளி வரும், ஒரு முகத்தைப் பெருப்பித்துப் பார்க்கலாம். கரையை வெட்டாதேயுங்கள், நிறம் திருத்தாதேயுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பத்தான் வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் "டொக்கியூமென்ட்" என்று தெரிவுசெய்து அனுப்புங்கள், அப்படியே வந்து சேரும்.

தங்கள் போனில் உள்ளதையும் துப்புரவாக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: ஐபோனில் ஐஓஎஸ் 16 வந்ததிலிருந்து இரட்டைப் படங்களுக்கென்றே தனி அல்பம் இருக்கிறது, அங்கே ஒன்றாக்கலாம். ஒரு சின்ன வீடியோவும் ஒரு படமும் சோடியாகக் கிடந்தால் அது இரட்டையல்ல, லைவ் போட்டோ. வீடியோவை மட்டும் அழித்துவிட்டுப் பிறகு என்னிடம் கேட்காதேயுங்கள்.

பெயர் தெரியாத வகுப்புப் படங்கள் ஆறை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். இரண்டாவது படத்தில் மேல்வரிசையில் இடமிருந்து நாலாவதாக, சட்டைப் பையில் இரண்டு பேனை குத்தியிருப்பவர் யார் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். ஊரில் மூன்று பேரிடம் கேட்டு மூன்று பெயர் வந்திருக்கிறது.

மாமி, உங்கள் வீட்டில் இருக்கும் அப்புவின் படத்தை ஒருக்கால் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கம் பார்த்துச் சொல்லுங்கோ. நடுச்சாமமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஊரிலிருந்து,
உங்கள் வட்டுக்காவல்காரன்