மறு: பவுண்ஸ் ரேற் – ‘தரியா வீதம்’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

> எகிறல் வீதம், துள்ளல் வீதம் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த இழையை முடிப்போமே?

முடிக்க முன் ஒரு விசயம். இணையத்தளத்துக்கு வந்து நிலைக்காமல் போகிற வருகைகளின் வீதம்தான் பவுண்ஸ் ரேற்; அதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ஆனால் அந்தப் பொருளே இடையில் மாறிவிட்டது. தளத்துக்கு வருகிறவர்களை எண்ணித் தரும் கூகுள் அனலிற்றிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலை 1 உடன் புதுத் தரவு எடுப்பதை நிறுத்தியது. அதில், வந்தவர் ஒரே பக்கத்தைப் பார்த்து வேறெதையும் தொடாமல் போனால் பவுண்ஸ். இப்போதுள்ள பதிப்பான ஜீஏ4 அப்படி எண்ணுவதில்லை. பத்து விநாடிக்கு மேல் நின்றாலோ, இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, நாங்கள் முக்கியம் என்று குறித்து வைத்த ஒன்றைச் செய்தாலோ அது நல்ல வருகை. மூன்றில் ஒன்றும் இல்லையென்றால்தான் பவுண்ஸ்.

நான் தளம் பார்த்துக் கொடுக்கிற கடை ஒன்று பனங்கட்டி, ஒடியல்மா (காயவைத்த பனங்கிழங்கின் மா), மோர்மிளகாய் எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. ரொறன்ரோவில் ஒருவர் ஒடியற்கூழ் காய்ச்சும் முறையைத் தேடி வந்து, அந்த ஒரு பக்கத்தை நாலு நிமிடம் ஆறுதலாக வாசித்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். பழைய கணக்கில் இவர் பவுண்ஸ். நின்ற நேரமும் பூச்சியம் என்றே பதிவாகும். புதிய கணக்கில் இவர் பவுண்ஸே இல்லை. மாறிய பிறகு வந்த முதல் அறிக்கையில் எண் சடாரென்று இறங்கியதைப் பார்த்து முதலாளிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “புதுப் படங்கள் போட்டது வேலை செய்யுது, தம்பி” என்றார். படங்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று விளங்கப்படுத்துவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். அது அவர்கள் பாடு. நாங்கள் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்க வேண்டும்? பழைய தரவு புதியதற்குள் வராது. சேமித்து வைத்தவர்களிடம் எக்செல் போன்ற தனிக் கோப்பாகத்தான் இருக்கும். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது தலைப்பு வேறாக இருந்தால்தான் உதவி. பழையதற்கு ‘ஒருபக்க வீதம்’ போதும். புதியதற்கு ‘தரியா வீதம்’ என்கிறேன். எதிர்ப்பக்கம் ‘தரித்த வீதம்’. வேண்டுமானால் தரித்த வருகை, தரியா வருகை.

> தரித்தல் என்றால் உடுத்தல் அல்லவா? சென்னையில் யாருக்கும் புரியாது.

உடுத்தலும்தான், ஓரிடத்தில் நிற்றலும்தான். யாழ்ப்பாணத்தில் பஸ் தரிப்பிடமும் வாகனத் தரிப்பிடமும் பலகையில் எழுதிக் கிடக்கின்றன; எங்கள் கடைக்காரருக்கு ஒருமுறை சொன்னால் போதும். உங்களுக்கு ‘நில்லா வீதம்’ வசதி என்றால் அதோடும் எனக்குச் சண்டையில்லை. எகிறல், துள்ளல் இரண்டும்தான் வேண்டாம். வந்தவர் ஏதோ பந்து மாதிரி அடிபட்டுத் திரும்பினார் என்று அவை சொல்கின்றன, எண்ணப்படுவது அதுவல்ல. பத்து விநாடி என்பதையும் பெயரில் கொண்டுவர வேண்டாம். அந்த அளவை அமைப்பில் போய் அறுபது விநாடிவரை கூட்டலாம்.

மேலே சொன்ன நல்ல வருகைக்கு ஜீஏ4 வைத்திருக்கிற எங்கேஜ்மென்ற் என்பதற்கு ‘ஈடுபாடு’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். பதினொரு விநாடி பக்கத்தைத் திறந்து வைத்திருந்தவருக்கு ஈடுபாடு என்பது கொஞ்சம் அதிகம், அக்கா. நல்லூர்த் திருவிழாவில் இருபத்தைந்து நாளும் விரதம் இருக்கிறவருக்கு அந்தச் சொல்லை விட்டுவிடுவோம்.

ஒருவர் ஒருமுறை வந்து போவதைச் சொல்லும் செஷன் என்பதற்கு ‘அமர்வு’ பலருக்குப் பழகிவிட்டது, தெரியும். ஆனால் ‘தரியா அமர்வு’ என்று சொல்லிப் பாருங்கள், நிற்காமலே இருந்தவர் போல வருகிறது. ‘வருகை’ நல்லது. பழைய பதிப்பில் இதற்கு ஒரு தடை இருந்தது: நள்ளிரவு பன்னிரண்டோடு அது செஷனை வெட்டிவிடும். கணக்கின் நேரவலயம் இலங்கையாக இருந்தால், எங்கள் நள்ளிரவு ரொறன்ரோவில் கோடைகாலத்துப் பின்னேரம் இரண்டரை. நல்ல வியாபார நேரத்தில் ஒரே ஆளின் ஒரே வருகை இரண்டாகிவிடும். ஜீஏ4 அப்படி வெட்டிப் புதிதாகத் தொடங்குவதில்லை. அரை மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் மட்டும் அடுத்த வருகை. கடைக்கு ஆள் வந்து போவதும் அப்படித்தானே.

நாங்கள் முக்கியம் என்று குறித்ததை வந்தவர் செய்வதற்கு இருந்த கன்வெர்ஷன் என்ற பெயரை 2024இல் கூகுளே முக்கிய நிகழ்வு என்ற பொருளில் மாற்றிவிட்டதால் எங்களுக்கு அந்த வேலை மிச்சம். ‘மாற்றம்’ எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை, மதமாற்றம்தான் ஞாபகம் வரும். ‘முக்கிய நிகழ்வு’ என்றால் பிரதம விருந்தினரும் குத்துவிளக்கும் ஞாபகம் வரும், பரவாயில்லை, சமாளிக்கலாம்.

மாத முடிவில் அந்தக் கடைக்கு அறிக்கைப் படிவத்தைத் தமிழில் கொடுக்க வேண்டும். ‘தரியா’வுக்கு மறுப்பு உள்ளவர்கள் அதற்குள் எழுதுங்கள், மாற்றுச் சொல்லோடு. ஸ்க்ரோலுக்கு ‘உருட்டல்’ சரியா என்பதை யாராவது வேறு இழையில் தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.