பொருள்: பதில்: ‘ஆங்கரிங்’ – நங்கூர அடியா?

> கோல்ஃபில் பந்தை உருட்டும்போது கோலின் மேல்நுனியை நெஞ்சிலோ வயிற்றிலோ அழுத்தி வைப்பதை ‘நங்கூர அடி’ எனலாமா? தம்பி ஒருவர் ‘சார்த்தடி’ என்கிறார்.

ஐயா, வணக்கம்.

நங்கூரம் வேண்டாமே. ஆங்கிலத்தில் ஆங்கர் என்றிருப்பதால்தான் நமக்குக் கப்பல் ஞாபகம் வருகிறது. ‘சார்த்தடி’ பேச்சில் ‘சாத்தடி’ ஆகிவிடும். யாரை என்று கேட்பார்கள்.

நேற்று ஒட்டடைக் கம்பின் நுனியை இடக்கையால் நெஞ்செலும்போடு பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தள்ளிப் பார்த்தேன். கம்பு ஊஞ்சல் மாதிரி போய்வந்தது. நெஞ்சிலிருந்து நாலு விரற்கடை விலக்கியதும் மணிக்கட்டு மூக்கை நுழைத்தது. பழம் சோபாவுக்கு அடியில்.

தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற இடத்தில் அசையாத ஒரு புள்ளி கிடைக்கிறது. பந்து விழவேண்டிய குழியின் அகலமோ 4.25 அங்குலம்தான். 2011இல் கோல்ஃப் வீரர் கீகன் பிராட்லி வயிற்றில் ஊன்றி பிஜிஏ சாம்பியன்ஷிப் போட்டியை வென்றார். 2013இல் ஆடம் ஸ்காட் நெஞ்சில் ஊன்றி மாஸ்டர்ஸ் போட்டியை. 2016 ஜனவரி 1 முதல் இப்படி அடிக்கத் தடை. நெஞ்சுவரை எட்டும் நீளக் கோலுக்குத் தடையில்லை, ஊன்றுவதற்குத்தான். ஆகவே சொல் கருவியைக் குறிக்காமல் செயலைக் குறிக்கவேண்டும்.

என் பரிந்துரை: ஊன்றடி. அசையாத இடம் ஊன்றுபுள்ளி.

> ஊன்றுவது தரையில் அல்லவா?

கோலூன்றித் தாண்டுதலை நினைத்துப் பாருங்கள். ஒரு முனை நிலைக்கிறது, மீதிக் கோல் அதைப் பற்றிக்கொண்டு எழுகிறது. இங்கே தரைக்குப் பதில் உடம்பு, அவ்வளவுதான்.

கோலை முன்கையோடு ஒட்டிப் பிடிக்கும் ‘ஆர்ம் லாக்’ வேறு. பிரைசன் டிஷாம்போ 2020 யு.எஸ். ஓப்பனை வென்றது அப்படித்தான். விதி அதை அனுமதிக்கிறது. குத்துவரிசையில் பூட்டு என்ற சொல் இருக்கவே இருக்கிறது: முன்கைப் பூட்டு. அந்த முன்கையை விலாவில் அழுத்தி நிலைநிறுத்தினால் மட்டும் அதுவும் ஊன்றடியாகிவிடும், தடைதான்.

---

> என் பரிந்துரை: ஊன்றடி.

அம்மா, ஏற்கிறேன். நங்கூரத்தைத் தூக்கிவிட்டேன். முன்கைப் பூட்டும் பட்டியலில் ஏறிவிட்டது.

இன்னொன்று. பந்தை உருட்டும் கோலை, ஆங்கில ‘putter’ஐ, கட்டுரையில் ‘பட்டர்’ என்று எழுதியிருந்தேன். வீட்டில் படித்தவர், ஸ்ரீரங்கத்துப் பட்டருக்குப் புல்தரையில் என்ன வேலை என்றார். ‘உருட்டுக்கோல்’ என்று மாற்றலாமா? உருட்டுக்கட்டை என்று வாசித்துவிடுவார்களோ என்றுதான் யோசனை.